வெர்னர் வான் சீமென்ஸ்

எர்ன்ஸ்ட் வெர்னர் வான் சீமென்ஸ் (டிசம்பர் 13, 1816 – டிசம்பர் 6, 1892) ஜெர்மனியைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் மின்பொறியியலாளரும் தொழில் முனைவோரும் ஆவார். சுட்டித் தந்தி, காப்புறையிட்ட நிலத்தடித் தந்திக் கம்பி, டைனமோ ஆகிய துறைகளில் இவருடைய பணி குறிப்பிடத்தக்கது. 1847 ஆம் ஆண்டில் இவர் பெர்லினில் கூட்டாகத் தொடங்கிய பட்டறையே பின்னாளில் சீமென்ஸ் என்னும் பன்னாட்டு நிறுவனமாக வளர்ந்தது. மின்கடத்துமையின் அனைத்துலக அலகு இவருடைய பெயரையே தாங்கியுள்ளது.

1879 ஆம் ஆண்டு பெர்லின் தொழிற்கண்காட்சியில் இவருடைய நிறுவனம் ஒரு சிறிய மின்சார எஞ்சினை ஓட்டிக் காட்டியது. ஓட்டுநர் அதன் மேலேயே அமர்ந்து அதை ஓட்டினார். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தைக் கொண்டு மக்களை ஏற்றிச் சென்ற முதல் தொடர்வண்டி இதுவே எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. பார்வைக்கு விளையாட்டுப் பொருள் போன்றிருந்த இந்த வண்டி, பிற்கால மின்சார டிராம்களுக்கும் சுரங்க ரயில்களுக்கும் முன்னோடியாக அமைந்தது.

இளமை

வெர்னர் சீமென்ஸ் ஹனோவர் நகருக்கு அருகிலுள்ள லெந்தே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கிறிஸ்டியன் ஃபெர்டினாண்ட் சீமென்ஸ் குத்தகை நிலத்தில் வேளாண்மை செய்துவந்தார். தாயின் பெயர் எலியோனோர். இவர்களுக்குப் பிறந்த பதினான்கு குழந்தைகளில் வெர்னர் நான்காமவர். 1823 இல் குடும்பம் வட ஜெர்மனியின் மென்சென்டார்ஃப் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது.

வெர்னர் லூபெக் நகரிலுள்ள கத்தரினேயம் பள்ளியில் கல்வி கற்றார். கணிதத்திலும் பொறியியலிலும் இவருக்கு நாட்டம் இருந்தது. எனினும் பெர்லினில் பொறியியல் படிப்பதற்கான செலவைக் குடும்பத்தால் ஏற்க இயலவில்லை. ஆகவே 1834 இல் பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாமலேயே பிரஷ்யப் படையில் சேர்ந்தார். படையின் பீரங்கி மற்றும் பொறியியல் பள்ளியில் 1835 முதல் 1838 வரை கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றைப் பயின்றார். செலவில்லாமல் உயர்கல்வி பெற இவருக்குக் கிடைத்த ஒரே வழி இதுவே.

1839 இல் தாயும் 1840 இன் தொடக்கத்தில் தந்தையும் இறந்தனர். இளைய உடன்பிறந்தாரைப் பேணும் பொறுப்பு, அப்பொழுது இருபத்து மூன்று அகவையே நிரம்பியிருந்த வெர்னர் மீது விழுந்தது. படை அதிகாரியின் ஊதியம் அதற்குப் போதவில்லை. கண்டுபிடிப்புகளைப் பணமாக்க வேண்டும் என்ற தேவை இவருக்கு இங்கிருந்தே தொடங்கியது.

சிறையும் முதற் காப்புரிமையும்

அதிகாரிகள் இருவருக்கிடையே நடந்த ஒரு தனிச்சண்டையில் ஒருவருக்குத் துணையாக நின்றமைக்காக வெர்னருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மாக்டபர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்ட இவர், அறையிலேயே சிறியதோர் ஆய்வுக்கூடத்தை அமைத்துக்கொண்டு மின்முலாம் பூசும் முறையை ஆராய்ந்தார். மின்னோட்டத்தைக் கொண்டு உலோகப் பொருள்களுக்குப் பொன்முலாம் பூசுவதில் அங்கேயே வெற்றி கண்டார். சிறிது காலத்திலேயே மன்னிப்பு வழங்கப்பட்டு விடுதலையானார். 1842 இல் இம்முறைக்குப் பிரஷ்யக் காப்புரிமை கிடைத்தது.

அடுத்த ஆண்டில் இவருடைய தம்பி வில்லெம் இங்கிலாந்துக்குச் சென்று, இம்முறையைப் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனத்திற்கு 1,500 பவுண்டுக்கு விற்றார். இத்தொகை குடும்பத்தின் நெருக்கடியைத் தணித்தது. வில்லெம் பின்னர் இங்கிலாந்திலேயே தங்கி, சர் வில்லியம் சீமென்ஸ் என்ற பெயரில் புகழ்பெற்றார்.

தந்தித் துறை

1840களில் தந்தி புதிய தொழில்நுட்பமாக இருந்தது. இங்கிலாந்தின் வீட்ஸ்டன் உருவாக்கிய சுட்டித் தந்தியில் அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒன்றோடொன்று ஒத்து இயங்குவதில் சிக்கல் இருந்தது. 1847 இல் வெர்னர் இதற்குத் தீர்வு கண்டார். இவருடைய அமைப்பில் இரு கருவிகளும் தாமே மின்னோட்டத்தை முறித்தும் இணைத்தும் ஒரே சீராக இயங்கின. ஓர் எழுத்துக்குரிய கட்டையை அழுத்தினால் இரு முனைகளிலும் சுட்டிகள் அதே எழுத்தில் நின்றன. குறியீடுகளைக் கற்காதவரும் இதைக் கையாள முடிந்தது.

அதே காலத்தில், கம்பிகளுக்குக் காப்புறையிடுவதில் இவர் கவனம் செலுத்தினார். மலாயா பகுதியில் வளரும் ஒருவகை மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் பொருளின் மாதிரியைத் தம்பி வில்லெம் இலண்டனிலிருந்து அனுப்பியிருந்தார். சூட்டில் இளகிக் குளிரில் இறுகும் இப்பொருளைக் கம்பியைச் சுற்றி இணைப்பின்றிப் பூசும் அழுத்தப் பொறி ஒன்றை வெர்னர் வடிவமைத்தார்.

அக்டோபர் 1, 1847 இல் இவரும் கைவினைஞரான யோகான் கேயார்க் ஹால்ஸ்கேயும் சேர்ந்து சீமென்ஸ் மற்றும் ஹால்ஸ்கே தந்திக் கட்டுமான நிறுவனத்தைத் தொடங்கினர். முதலீடான 6,842 தாலர் பணத்தை வெர்னரின் ஒன்றுவிட்ட உறவினரும் வழக்கறிஞருமான யோகான் கேயார்க் சீமென்ஸ் அளித்தார். பெர்லினின் ஒரு பின்கட்டு வீட்டில் பட்டறை இயங்கியது. 1849 இல் பெர்லினுக்கும் பிராங்க்ஃபுர்ட்டுக்கும் இடையே சுமார் 500 கிலோமீட்டர் நீளத் தந்தித் தடத்தை இந்நிறுவனம் முடித்தது. அவ்வாண்டு மார்ச்சில் பிராங்க்ஃபுர்ட் தேசிய அவை பிரஷ்ய மன்னரைப் பேரரசராகத் தேர்ந்தெடுத்த செய்தி ஒரு மணி நேரத்துக்குள் பெர்லினை எட்டியது. அதே ஆண்டில் வெர்னர் படையிலிருந்து விலகினார்.

பின்னடைவும் மீட்சியும்

போதிய ஆழமின்றிப் புதைக்கப்பட்ட நிலத்தடிக் கம்பிகள் விரைவிலேயே பழுதடையத் தொடங்கின. எலிகள் காப்புறையைக் கடித்தன. கட்டாபெர்ச்சாவுடன் கந்தகம் சேர்த்ததும் கம்பியைக் கெடுத்தது. பழி நிறுவனத்தின் மேல் விழுந்தது. வெர்னர் பழுதுகளுக்கான காரணங்களை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். அதன் பின்னர் பிரஷ்ய அரசின் பணிகள் நின்றுபோயின.

நிறுவனத்தை அந்நாளில் காப்பாற்றியது ரஷ்யப் பேரரசின் தந்திப் பணி. தம்பி கார்ல் 1853 முதல் ரஷ்யாவில் இருந்து அதைக் கவனித்தார். இவ்வாறு வெர்னர் பெர்லினிலும் வில்லெம் இலண்டனிலும் கார்ல் புனித பீட்டர்ஸ்பர்க்கிலும் இருந்து தொழிலை நடத்தினர்.

இந்தியாவுடன் தொடர்புடைய பணியும் இக்கூட்டு முயற்சியால் அமைந்தது. இலண்டனையும் கல்கத்தாவையும் இணைத்த இந்தோ–ஐரோப்பியத் தந்தித் தடத்தில், பிரஷ்யா, ரஷ்யா, காக்கசஸ் வழியாகத் தெகரான் வரையிலான பகுதியைச் சீமென்ஸ் நிறுவனங்கள் அமைத்தன. 1870 இல் திறக்கப்பட்ட இத்தடத்தால், இலண்டனிலிருந்து அனுப்பிய செய்தி ஒரு மணி நேரத்துக்குள் கல்கத்தாவை அடைந்தது.

டைனமோ

தந்திக்குச் சிறிதளவு மின்சாரமே போதும். அதை மின்கலங்களிலிருந்து பெறலாம். பொறிகளை ஓட்டுவதற்கு வேண்டிய பேரளவு மின்சாரத்தை மின்கலங்களால் மலிவாகத் தர இயலவில்லை. அக்காலத்து மின்னாக்கிகளில் நிலைக்காந்தங்களே பயன்பட்டன. அவற்றின் காந்தப்புலம் வலுவற்றதாக இருந்தது.

1866 இன் இறுதியில் வெர்னர் நிலைக்காந்தங்களை நீக்கிவிட்டு மின்காந்தங்களை அமைத்தார். மின்காந்தத்தின் இரும்பில் எப்பொழுதும் சிறிதளவு காந்தம் எஞ்சியிருக்கும். சுருளைச் சுழற்றும்போது அந்த எச்சக் காந்தத்தால் சிறு மின்னோட்டம் உண்டாகிறது. அதை அதே மின்காந்தத்தின் வழியே செலுத்தினால் காந்தம் வலுப்பெறுகிறது. வலுப்பெற்ற காந்தம் மேலும் அதிக மின்னோட்டத்தைத் தருகிறது. இவ்வாறு பொறி தன்னைத் தானே வலுப்படுத்திக்கொள்கிறது.

இக்கொள்கை ஜனவரி 17, 1867 இல் பெர்லின் அறிவியல் கழகத்தில் எடுத்துரைக்கப்பட்டது. இங்கிலாந்தில் வீட்ஸ்டனும் வார்லியும் ஏறத்தாழ அதே காலத்தில் இதைத் தனித்தனியே கண்டறிந்திருந்தனர். ஹங்கேரியின் யெட்லிக், டென்மார்க்கின் யோர்ட் ஆகியோர் இதற்கும் முன்பே இவ்வழியில் முயன்றிருந்தனர். ஆகவே கண்டுபிடிப்பின் பெருமை ஒருவருக்கே உரியதன்று. ஆயினும் இதன் தொழில்துறைப் பயனை முன்கூட்டியே உணர்ந்து, அதைப் பேரளவில் செயற்படுத்தியவர்களுள் வெர்னர் முதன்மையானவர். 1872 இல் இந்நிறுவனத்தின் பொறியாளர் ஹெஃப்னர் ஆல்டெனெக் உருவாக்கிய உருளைச் சுருள் அமைப்பு, டைனமோவை மேலும் திறனுடையதாக்கியது.

1879 ஆம் ஆண்டின் சிறு தொடர்வண்டி

மின்சாரத்தால் வண்டி ஓட்டும் முயற்சி வெர்னருக்கு முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த கொல்லர் தாமஸ் டேவன்போர்ட் 1830களில், வட்டத் தண்டவாளத்தில் ஓடும் சிறிய மாதிரி மின்வண்டியைச் செய்தார். ஸ்காட்லாந்தின் ராபர்ட் டேவிட்சன் 1842 இல் எடின்பரோ–கிளாஸ்கோ பாதையில் ஒரு மின்சார எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். இவ்விரண்டும் மின்கலங்களை நம்பியிருந்தன. மின்கலத்தில் கரையும் துத்தநாகத்தின் விலை, நீராவி எஞ்சினில் எரியும் நிலக்கரியின் விலையை விடப் பன்மடங்கு அதிகம். வண்டி தன் மின்கலங்களின் எடையையும் சேர்த்தே இழுக்க வேண்டியிருந்தது. இக்காரணங்களால் அம்முயற்சிகள் தொடரவில்லை.

டைனமோ இந்நிலையை மாற்றியது. அதைச் சுழற்றினால் மின்சாரம் கிடைக்கும். அதற்கு மின்சாரம் ஊட்டினால் அது மின்னோடியாகச் சுழலும். ஆகவே ஓரிடத்தில் நிலையாக நிற்கும் டைனமோவையும் வண்டியிலுள்ள மற்றொரு பொறியையும் தண்டவாளத்தின் வழியாக இணைத்தால், ஆற்றல் மூலத்தை வண்டி சுமக்க வேண்டியதில்லை. 1879 ஆம் ஆண்டின் எஞ்சின் மெய்ப்பித்தது இதையே.

இந்த எஞ்சின் முதலில் கண்காட்சிக்காகத் திட்டமிடப்பட்டதன்று. கீழ் லௌசிட்ஸ் பகுதியின் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுக்காகவே அது கருதப்பட்டது. சுரங்கத்தின் குறுகிய பாதைக்கு ஏற்பவே அதன் உருவமும் சிறியதாக அமைந்தது. பின்னர் அது பெர்லின் தொழிற்கண்காட்சியில் மக்களை ஏற்றிச் செல்ல வைக்கப்பட்டது.

அதன் அமைப்பு பின்வருமாறு:

பாதை: ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள வளையப் பாதை. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 490 மில்லிமீட்டர்.

மின்சாரம்: பொறிக்கூடத்தில் நீராவி எஞ்சினால் சுழற்றப்பட்ட டைனமோவிலிருந்து சுமார் 150 வோல்ட் நேர்மின்னோட்டம் வந்தது. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே, அவற்றிலிருந்து காப்பிடப்பட்ட ஓர் இரும்புப் பட்டை மின்சாரத்தைக் கொண்டுவந்தது. மின்னோட்டம் எஞ்சினின் சக்கரங்கள் வழியாக ஓடு தண்டவாளங்களை அடைந்து டைனமோவுக்குத் திரும்பியது.

எஞ்சின்: மின்னோடியின் திறன் சுமார் 2.2 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 3 குதிரைத்திறன். அதன் சுழற்சி பற்சக்கரங்கள் வழியாகச் சக்கரங்களுக்குச் சென்றது. மின்னோடியின் மேலுள்ள இருக்கையில் ஓட்டுநர் அமர்ந்தார்.

பெட்டிகள்: மூன்று திறந்த வண்டிகள். ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் அமைந்த இருக்கையில் ஆறு பேர் முதுகோடு முதுகு பொருந்த அமர்ந்தனர்.

வேகம்: பயணிகளுடன் மணிக்கு சுமார் 7 கிலோமீட்டர். உச்ச வேகம் மணிக்கு சுமார் 13 கிலோமீட்டர்.

மே 31, 1879 இல் ஓடத் தொடங்கிய இவ்வண்டி, செப்டம்பர் இறுதி வரையிலான நான்கு மாதங்களில் 86,000க்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றது. ஒருவர் விரைந்து நடக்கும் வேகத்தை விட இது பெரிதும் மிகுந்ததன்று. ஆயினும் குதிரையும் புகையும் இல்லாமல் வண்டி நகர்வதை அவ்வளவு மக்கள் முதன்முறையாகக் கண்டனர். பின்னர் இது பிரசல்ஸ், இலண்டன் முதலிய நகரங்களிலும் காட்டப்பட்டது. மூல எஞ்சின் மியூனிக் நகரின் ஜெர்மன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

கண்காட்சியிலிருந்து தெருவுக்கு

கண்காட்சியின் வெற்றியைத் தொடர்ந்து, பெர்லினின் நெரிசல் மிகுந்த ஃபிரீட்ரிக் தெருவின் மேலே இரும்புத் தூண்களில் மின்சார ரயில் அமைக்க 1880 இல் வெர்னர் திட்டம் அளித்தார். தெருவின் அழகு கெடும் என்றும், மாடி வீடுகளுக்குள் பயணிகள் எட்டிப் பார்ப்பர் என்றும் எதிர்ப்பு எழுந்தது. அனுமதி மறுக்கப்பட்டது.

இதன் பின்னர், நகருக்கு வெளியே குரோஸ் லிஷ்டர்ஃபெல்டே என்னும் இடத்தில் தம் சொந்தச் செலவில் தரைமீது ஒரு பாதையை வெர்னர் அமைத்தார். ரயில் நிலையத்தையும் படைப்பயிற்சிப் பள்ளியையும் இணைத்த இப்பாதையின் நீளம் ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர்; தண்டவாள அகலம் ஒரு மீட்டர். மே 16, 1881 இல் இது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பொதுப் போக்குவரத்துக்கெனத் தொடர்ந்து ஓடிய உலகின் முதல் மின்சார டிராம்களுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது.

லிஷ்டர்ஃபெல்டேயில் நடுப்பட்டை கைவிடப்பட்டது. ஒரு தண்டவாளம் மின்சாரத்தைக் கொண்டுவரவும் மற்றொன்று திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. 180 வோல்ட் மின்சாரம் பாய்ந்த தண்டவாளங்களைத் தெருவில் கடந்த குதிரைகளும் மனிதரும் மின்னதிர்ச்சிக்கு உள்ளாயினர். வேலியிட்ட கண்காட்சித் திடலில் பொருந்திய முறை, எல்லாரும் நடமாடும் தெருவில் பொருந்தாது என்பது தெளிவாயிற்று. 1881 இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் சீமென்ஸ் நிறுவனம் தலைக்கு மேலுள்ள கடத்தியிலிருந்து மின்சாரம் பெறும் டிராமை ஓட்டியது. 1882 இல் பெர்லின் அருகே, தண்டவாளமின்றி இரு மேல்நிலைக் கம்பிகளின் உதவியால் ஓடும் வண்டியைச் சோதித்தது. இதுவே டிராலி பேருந்தின் முன்னோடி. அதே ஆண்டில் சாக்சனியின் சௌக்கரோடே நிலக்கரிச் சுரங்கத்தில் நிறுவனத்தின் மின்சார எஞ்சின் பணிக்கு வந்தது. 1879 இன் எஞ்சின் எந்தப் பணிக்காகக் கருதப்பட்டதோ, அந்தப் பணி இவ்வாறு மூன்று ஆண்டுகளில் நிறைவேறியது.

குடும்பமும் பொதுப்பணியும்

வெர்னர் 1852 இல் மதில்டே டிரூமன் என்பவரை மணந்தார். நெடுநாள் நோயுற்றிருந்த அவர் 1865 இல் இறந்தார். 1869 இல் தம் தொலை உறவினரான அந்தோனி சீமென்சை மணந்தார். இவ்விரு மணங்களிலும் இவருக்கு ஆறு மக்கள் பிறந்தனர். மகன்களான ஆர்னோல்ட், வில்லெம், கார்ல் ஃபிரீட்ரிக் ஆகியோர் பின்னர் நிறுவனத்தைப் பொறுப்பேற்று நடத்தினர்.

1860களில் பிரஷ்ய மக்கள் அவையில் முன்னேற்றக் கட்சியின் உறுப்பினராக இருந்தார். 1872 இல் தொழிலாளர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் ஓய்வூதிய நிதி ஒன்றை நிறுவினார். ஜெர்மன் பேரரசின் 1877 ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் உருவாவதில் இவருடைய பங்கு பெரிது. பெர்லின் அறிவியல் கழகத்தின் உறுப்பினராகவும் ஆனார். 1879 இல் அஞ்சல் துறைத் தலைவர் ஹென்ரிக் ஸ்டெஃபானுடன் சேர்ந்து மின்தொழில்நுட்பச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அளவியல் ஆய்வுக்கென 1887 இல் தொடங்கப்பட்ட பேரரசு இயற்பியல் தொழில்நுட்ப நிறுவனத்திற்கு நிலம் வழங்கினார்.

இறுதிக் காலம்

1888 இல் பேரரசர் மூன்றாம் ஃபிரீட்ரிக் இவருக்கு உயர்குடிப் பட்டம் வழங்கினார். அதன் பின்னரே வான் என்னும் சொல் இவர் பெயருடன் சேர்ந்தது. 1890 இல் நிறுவனத் தலைமையிலிருந்து விலகினார். தம் வாழ்க்கை நினைவுகளை நூலாக எழுதினார். அது 1892 இல் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று, எழுபத்தாறாம் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், காலமானார்.

மரபு

வெர்னர் வாழ்நாளில் காண விரும்பிய உயர்மட்ட ரயில் அவர் மறைந்த பின்னரே வந்தது. சீமென்ஸ் மற்றும் ஹால்ஸ்கே நிறுவனம் மின்சார வேலைகளை ஏற்ற புடாபெஸ்ட் சுரங்க ரயில் 1896 இல் திறக்கப்பட்டது. அந்நிறுவனம் அமைத்த பெர்லினின் உயர்மட்ட மற்றும் சுரங்க ரயில் 1902 இல் ஓடத் தொடங்கியது. 1903 இல் பெர்லினுக்கு அருகே நடந்த சோதனைகளில் மின்சார வண்டிகள் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டின. 7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய கண்காட்சி வண்டிக்கும் இதற்கும் இடையே 24 ஆண்டுகளே கழிந்திருந்தன.

மின்தடைக்கு ஒரு நிலையான அளவாக, ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பும் கொண்ட பாதரசத் தம்பத்தை 1860 இல் வெர்னர் முன்மொழிந்தார். அதற்குப் பதிலாக ஓம் என்னும் அலகே பின்னாளில் நிலைபெற்றது. 1971 இல் ஓமின் தலைகீழான மின்கடத்துமை அலகுக்குச் சீமென்ஸ் என்னும் பெயர் ஏற்கப்பட்டது.

1879 இன் எஞ்சின், பொழுதுபோக்காக ஏறி ஓட்டும் மாதிரி ரயில்களைச் செய்வோருக்கும் ஆர்வமூட்டும் ஒன்றாகும். இன்றைய ஆர்வலர்கள் 127 மில்லிமீட்டர், 184 மில்லிமீட்டர் போன்ற குறுகிய பாதைகளில் எஞ்சின்களை ஓட்டுகின்றனர். எஞ்சினின் மேலோ அதற்கு அடுத்த வண்டியிலோ ஓட்டுநர் அமர்வதும், பின்னால் திறந்த இருக்கைகளில் பயணிகள் அமர்வதும் பெர்லின் வண்டியின் அமைப்பையே ஒத்துள்ளன. ஆனால் மின்சாரம் பெறும் முறையில் வேறுபாடு உண்டு. குழந்தைகளும் பார்வையாளரும் தொடக்கூடிய இடத்தில் 150 வோல்ட் பாயும் திறந்த பட்டையை வைப்பது பேரிடரானது. ஆகவே அவர்களுள் பெரும்பாலோர் 12 அல்லது 24 வோல்ட் மின்கலங்களை வண்டியிலேயே ஏற்றுகின்றனர். மின்கலத்தின் சுமையிலிருந்து வண்டியை விடுவிப்பதே வெர்னரின் நோக்கமாக இருந்தது. குறைந்த தொலைவுக்கும் தோட்டத்தின் வளையப் பாதைக்கும் மின்கலமே போதும். நகரங்களை இணைக்கும் பாதைகளில் இன்றும் பெரும்பாலான மின்சார ரயில்கள் வெர்னர் காட்டிய வழியில், வெளியிலிருந்து வரும் மின்சாரத்தாலேயே ஓடுகின்றன.